பெற்றிசியா சாட்சிக் கூட்டில் ஏறிய நாள்

"என்ர பிள்ளையின்ர தலைமயிரை ஆர் வெட்டினது?"

மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் அந்தத் திங்கட்கிழமை காலை முதலில் எழுந்த குரல் இதுதான். நீதவான் அப்போதுதான் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். பின் வாங்கிலிலிருந்து பாய்ந்து எழுந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உப்புக் காற்றில் காய்ந்த முகம், அவசரத்தில் சுற்றிய சேலை. பெயர் றஞ்சிதம். அவள் கை நீட்டிய இடத்தில், சிறுவர் இல்லத்துப் பொறுப்பாளரின் பக்கத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒட்ட வெட்டிய தலையோடு நின்றாள். ஐந்து நாட்களுக்கு முன்பு அந்தத் தலையில் இடுப்பைத் தொடும் கூந்தல் இருந்தது.

"பேன் கிடந்தது அம்மா..." என்றார் பொறுப்பாளர்.

"பேன் கிடந்தால் பேனைப் பாக்கிறது! காய்ச்சல் வந்தால் ஆளை வெட்டுவியளோ?"

சபையில் சிரிப்பு எழுந்தது. பெண் பொலிஸ் ஒருவர் றஞ்சிதத்தைத் தோளில் அழுத்தி இருத்தினார். சிறுமி ஸ்ரெலா அழவில்லை. "சின்னம்மா" என்று ஒரு தடவை மட்டும் உதட்டை அசைத்தாள். அந்தச் சொல்லுக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் சட்டத்தரணிகளின் மேசையில் இருந்த ஒருத்திக்கு அது கேட்டது.

அவள்தான் பெற்றிசியா. அரச சட்டத்தரணி. பெற்றோரில்லாத, பாதுகாப்பில்லாத பிள்ளைகளின் வழக்குகளில் நன்னடத்தைத் திணைக்களத்துக்காகப் பேசுகிறவள். வயது ஐம்பது. மேல்மாகாணத்துச் சட்டத்தரணிகள் கூட எழுந்து வழிவிடும் கண்டிப்பான நடை. அவள் கையில் இருந்த கோவையில் ஸ்ரெலாவின் முழு வாழ்க்கையும் நான்கு பக்கத்துக்குள் அடங்கியிருந்தது.

பிள்ளைக்கு இரண்டு வயதில் தாய் காய்ச்சலில் இறந்தாள். அடுத்த வருடம் கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. தாயின் தங்கை றஞ்சிதம் பள்ளிமுனை வீட்டில் வளர்த்து வந்தாள். கடந்த நவம்பரிலிருந்து பிள்ளை நகரப் பாடசாலைக்கு வரவில்லை. நன்னடத்தை அலுவலர் இரண்டு தடவை போனபோதும் வீடு பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு கொண்டச்சிக் கரைக்குப் போனார். மார்ச் பதின்மூன்று, புதன்கிழமை, காலை பத்து மணி. பள்ளிக்கூட நேரத்தில், பதினொரு ஆண்கள் வேலை செய்யும் மீன்வாடியில், பிள்ளை கருவாட்டுப் பந்தலின் கீழே நெத்தலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றே பொலிஸாரின் துணையோடு பிள்ளை இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். இனிப் பதினெட்டு வயதுவரை பிள்ளையை இல்லத்தில் வைக்கக் கட்டளை வேண்டும்.

கீழே, "விண்ணப்பம் தகுந்தது" என்று எழுதி, பெற்றிசியாவின் கையொப்பம்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போனவள், ஐயா!" றஞ்சிதம் மறுபடி எழுந்துவிட்டாள். அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி யாரும் இல்லை. "கொண்டச்சிப் பள்ளிக்கூடத்தில மூண்டாம் வகுப்புப் படிக்கிறவள்!"

நன்னடத்தை அலுவலர் கமலநேசன் பணிவாக எழுந்தார். கிளிநொச்சிப் பக்கத்து இளைஞர். மன்னாருக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம். "வலயக் கல்விக் கந்தோரில் விசாரித்தோம். அந்தப் பாடசாலை இடாப்பில் இப்படி ஒரு பெயர் இல்லை."

"படிக்கிற பிள்ளை புதன்கிழமை பத்து மணிக்குக் கடற்கரையில் ஏன் நின்றது?" என்றார் நீதவான்.

"நோன்பு லீவு, ஐயா!"

கமலநேசன் திகைத்து அவளைப் பார்த்தார். "நோன்பு முஸ்லிம் ஆக்களுக்கு. இந்தப் பிள்ளை கத்தோலிக்கம்."

சபை மறுபடி சிரித்தது. எழுதுவினைஞர் சிரித்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார். பெற்றிசியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோவையைத் திறந்து திகதியை மறுபடி பார்த்தாள். அவளுக்குத் தெரியும்! கொண்டச்சிப் பள்ளிக்கூடம் போன்ற முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதம் முழுவதும் மூடியிருக்கும். மற்றப் பாடசாலைகள் திறந்திருக்கும். அந்தப் பதின்மூன்றாம் திகதி நோன்பின் இரண்டாம் நாள். கொண்டச்சியில் பள்ளிக்கூடமே இல்லாத நாளில், பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று அரசாங்கம் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அவள் கையொப்பம் வைத்திருக்கிறாள்.

அவள் எழுந்தாள். "கனம் நீதவான் அவர்களே, அரச தரப்புக்கு அவகாசம் வேண்டும்."

"விண்ணப்பத்தை ஆதரித்துக் கையொப்பமிட்டவர் நீங்கள்தானே?"

"நான்தான்."

நீதவான் புருவத்தை உயர்த்தினார். "வியாழக்கிழமை. அன்று கட்டளை வழங்குவேன். அதுவரை பிள்ளை இல்லத்தில்."

றஞ்சிதம் பெற்றிசியாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "இன்னும் மூண்டு நாளோ, மிஸ்? உங்களுக்கு என்ன, கடியாரத்தைப் பாத்தால் போயிடும். எனக்கு?"



*

பெற்றிசியாவின் தகப்பன் பஸ்ரியன் பள்ளிமுனையில் பிறந்த கடலோடி. வாடைக்காற்று எழுந்தால் மன்னார்த் தீவின் வடகடல் கொந்தளிக்கும், தெற்குக் கரை அமைதியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வருடமும் நவம்பரில் அவன் வீட்டைப் பூட்டி, மனைவி மாக்கிறட்டையும் பிள்ளைகளையும் சட்டிபானைகளையும் கோழிகளையும் வள்ளத்தில் ஏற்றி, கொண்டச்சிக் கரைக்குப் போவான். அங்கே ஓலையால் கட்டிய வாடிதான் ஏப்ரல் வரைக்கும் வீடு. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும் காலத்தில் திரும்பி வருவார்கள். பள்ளிமுனையில் பாதி வீடுகள் அந்த மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். யாரும் அதை விட்டுப்போன வீடு என்று சொன்னதில்லை.

வாடிப் பிள்ளைகள் கொண்டச்சியிலே முஸ்லிம் பிள்ளைகளோடு படித்தார்கள். நகரப் பாடசாலையில் விடுகைப் பத்திரம் வாங்கினால் மே மாதம் திரும்பி வரும்போது இடம் கிடைக்காது. அதனால் பத்திரம் இல்லாமலே போவார்கள். கொண்டச்சித் தலைமையாசிரியர் அவர்களை அரச இடாப்பில் ஏற்றமாட்டார். தனிக் கொப்பி ஒன்றில் பெயர் எழுதி வகுப்பில் இருத்துவார். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு. அந்தக் கொப்பியில் ஐந்து வருடம் பெற்றிசியாவின் பெயரும் இருந்தது.

பிறகு யுத்தம். கொண்டச்சி மக்கள் ஒரே நாளில் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டார்கள். பெற்றிசியாவின் குடும்பம் மடுத் தேவாலயத்துக்கு ஓடியது. அகதி முகாமின் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் அவள் சட்டக்கல்லூரிக்குப் போனாள். அங்கே, பக்கத்து வாங்கிலில் இருந்தவள் ஒருநாள் மூக்கைச் சுளித்து, "இங்க ஏதோ கருவாடு மணக்குது" என்றாள். யாரோ மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் பெற்றிசியா அன்று தன் சட்டையை இரண்டு தடவை தோய்த்தாள். "அப்பா என்ன தொழில்?" என்று கேட்டால் "வியாபாரம்" என்றாள். அப்படிச் சொல்லிச் சொல்லி முப்பது வருடம் போயிற்று. பஸ்ரியனும் போய்விட்டான். மகள் தன்னை வியாபாரி ஆக்கியது அவனுக்குத் தெரியாது. அந்தவரைக்கும் ஆண்டவர் இரக்கமுள்ளவர்.

ஆனால் அவள் கெட்டிக்காரி. அடிக்கும் தகப்பன்மாரிடமிருந்து, பிள்ளைகளை வேலைக்கு விற்கும் தரகர்களிடமிருந்து எத்தனையோ உயிர்களைப் பறித்தெடுத்தவள். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் செத்துக் கிடந்ததையும் கண்டவள். அதனால்தான் "பூட்டிய வீடு" என்ற சொல்லைக் கண்டதும் பேனையை எடுக்கப் பழகியிருந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை அவள் கொண்டச்சிக்குப் போகக் கமலநேசனை ஓட்டோவில் ஏற்றினாள். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. மேலதிகாரி.

"மிஸ் பெற்றிசியா, நீங்கள் ஆருக்காக அந்த வழக்கில நிக்கிறியள்?"

"அரசாங்கத்துக்காக, சேர்."

"அப்ப விண்ணப்பத்தை ஆதரியுங்கோ. எங்கட கையொப்பத்தை நாங்களே பிழை எண்டு சொல்லுறதோ?"

"பிழையெண்டால் வேற ஆர் சேர் சொல்லுறது?"

மறுமுனை வெட்டிக்கொண்டது. கமலநேசன் சங்கடத்தோடு நெளிந்தார். "மேடம், நான் பொய் எழுதேல்ல. கண்டதைத்தான் எழுதினனான். பதினொரு ஆம்பிளையளுக்கு நடுவில ஒரு பொம்பிளைப் பிள்ளை. எனக்கும் ஒரு மகள் இருக்கு."

"நீர் பயந்தது பிழையில்லை, தம்பி. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில ஒரு வார்த்தை கேக்காமல் விட்டதுதான் பிழை. நான் அதைக்கூட யோசிக்காமல் கையெழுத்து வச்சன். என்ர பிழை பெரிசு."

அந்தப் பக்கத்து வீடு தலைமையாசிரியர் ஜுனைதீனுடையது. நோன்பாளியின் வறண்ட உதடுகளோடு அவர் வெளியே வந்தார். பெற்றிசியாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"மூண்டாம் வகுப்புல எனக்குப் பக்கத்தில இருந்து என்ட பென்சிலக் கடிச்சுத் திண்ட புள்ள நீங்கதானே?"

கமலநேசன் திரும்பினார். ஓட்டோக்காரரும் திரும்பினார். முப்பது வருடமாகப் பொத்தி வைத்த இரகசியம் ஒரு பென்சிலில் வந்து நின்றது. பெற்றிசியா மூச்சை இழுத்தாள்.

"ஓம். நான்தான். பஸ்ரியன்ர மகள். வாடிப் பிள்ளை."

"யா அல்லாஹ்! அப்ப அந்தப் பென்சிலுக்கு இண்டைக்காவது பதில் சொல்லுங்க."

அவருடைய மனைவி ஹமீதா பின்னாலிருந்து கேட்டாள். "அந்தப் புள்ள ஸ்ரெலா எங்க? கஞ்சிக்கு வரக் காணல்லியே எண்டு தேடினன். நோன்பு தொடங்கின அண்டைக்கு வந்து மூணு கோப்பை குடிச்சிட்டுப் போனவ. பொலிஸ் கொண்டு போனதெண்டு பிறகுதான் தெரியும்."

ஜுனைதீன் பள்ளிக்கூட அலுமாரியைத் திறந்து, பழுப்புத்தாள் உறை போட்ட கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். இருபத்தாறு வாடிப் பிள்ளைகள். ஸ்ரெலாவின் பெயருக்கு நேரே நவம்பரிலிருந்து மார்ச் முதற்கிழமை வரை நாளுக்கு நாள் வரவு. கணக்கில் எழுபத்தொன்று, தமிழில் எண்பத்தாறு. கமலநேசன் தாள்களைப் புரட்டப் புரட்ட அவருடைய காதுகள் சிவந்தன.

"இதை நீங்கள் நீதிமன்றத்தில காட்டவேணும்" என்றாள் பெற்றிசியா.

ஜுனைதீன் பதில் சொல்லுமுன் ஹமீதா முந்திக்கொண்டாள்.  "நல்ல கதை! பத்திரம் இல்லாத புள்ளையளுக்குப் படிப்பிச்ச மனிசன் தானே கோட்டில போய் ஒப்புக்கொள்ளுறதோ? நாளைக்குக் கல்விக் கந்தோர் விசாரணை எண்டு வந்தா, நீங்க வந்து நிப்பீங்களா?"

"நிப்பன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ஜுனைதீன் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி நின்றார். "ஹமீதா, இருபது வருசம் புத்தளத்தில எங்கட புள்ளையள் ஆருட பள்ளிக்கூடத்தில இருந்து படிச்சது? ஆருட வாங்கில்? அங்க ஒரு அதிபர் பத்திரம் கேட்டிருந்தா நம்மட மகள் இண்டைக்கு ஆசிரியை இல்ல." அவர் பெற்றிசியாவிடம் திரும்பினார். "வாறன். நோன்போட வாறன். பொய் சொல்ல ஏலாத வயிறு."

*

வியாழக்கிழமை ஜுனைதீன் சாட்சி சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு மறுத்தார். நோன்பு மாதத்து மூடலை விளக்கினார். கொப்பியைக் கையளித்தார். அது அரச விதிகளுக்கு மாறானது என்று தெரியுமா என்று நீதவான் கேட்டபோது, "தெரியும், வருகிற நவம்பரிலும் செய்வேன்" என்றார். கமலநேசன் தானே எழுந்து, தமது அறிக்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். 

நீதவான் கல்நெஞ்சர் அல்ல. கொப்பியின் ஒவ்வொரு தாளையும் வாசித்தார். பிறகு சொன்னார்: "பிள்ளையைச் சிறிய தாயிடம் ஒப்படைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இனிப் பிள்ளை பள்ளிமுனை வீட்டில்தான் இருக்க வேண்டும். வாடிக்குக் கொண்டு போகக் கூடாது. மீறினால் இல்லம்."

வெளியாட்களுக்கு அது நல்ல தீர்ப்பாகத்தான் பட்டது. றஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

"நான் வாடிக்குப் போகாமல் என்னத்தைத் திண்ணுறது, ஐயா? நான் போனால் பிள்ளையை ஆரிட்ட விடுறது? எனக்கு வேற ஆர் இருக்கினம்?" அவள் வாங்கிலை விட்டு முன்னே வந்தாள். "அப்ப நேராச் சொல்லுங்கோவன், பிள்ளையைத் தரமாட்டம் எண்டு!"

பெற்றிசியா எழுந்தாள். "கனம் நீதவான் அவர்களே, அந்த நிபந்தனையை அரசு கேட்கவில்லை. எதிர்க்கிறது."

"ஓலைக் குடிசை, கடற்கரை, ஆண்கள் கூட்டம். பிள்ளை வளரக்கூடிய இடமா அது? அப்படி வளர்ந்த பிள்ளை என்ன ஆகும் என்று இந்த மன்றின் முன் சாட்சியம் ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கிறது. நான்."

"சட்டத்தரணி சாட்சி சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்." அவள் தன் கறுப்பு மேலங்கியைக் கழற்றினாள். அதை மடித்து மேசையில் வைத்தாள். "இந்த நிமிடத்திலிருந்து நான் இந்த வழக்கில் சட்டத்தரணி அல்ல."

எழுதுவினைஞரின் பேனை நின்றது. இருபத்துமூன்று வருடம் அந்த மன்றில் மற்றவர்களைக் கூட்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவள், மூன்று படிகளையும் தானே ஏறினாள். வேதாகமத்தில் கை வைத்தாள். 

"பெயர் பெற்றிசியா. தகப்பன் பஸ்ரியன், தொழில் மீன்பிடி. ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுவரை ஒவ்வொரு வருடமும் ஐந்து மாதம் கொண்டச்சி வாடியில் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் இருந்த ஆண்கள் என் சித்தப்பா, மாமா, அவர்களுடைய பிள்ளைகள். நான் கரையில் நின்றால் ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாடியில் எனக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. அங்கிருந்து வந்தவள் என்று சொல்ல வெட்கப்படுவதற்கு நகரத்தில்தான் படித்தேன்."

நீதவான் நேரடியாகவே கேட்டார். "இவ்வளவும் தெரிந்த நீங்கள் அந்த விண்ணப்பத்தில் எப்படிக் கையொப்பமிட்டீர்கள்?"

 பின்வாங்கிலில் றஞ்சிதம் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"திகதியை வாசித்தேன். ஊரின் பெயரை வாசித்தேன். நோன்புக்கு அந்தப் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் என்று எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். ஆனால் என்னை நானே மறக்க முப்பது வருடம் பழகியிருந்தேன். அன்று நன்றாக மறந்திருந்தேன். அந்தக் குற்றத்துக்கு என்னைத் தண்டியுங்கள். பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம். பாதி வருடம் ஓர் ஊரும் பாதி வருடம் இன்னோர் ஊரும் எங்கள் வாழ்க்கை. வீடு பூட்டியிருந்தால் நாங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம் என்று அர்த்தம்."

நீதவான் நெடுநேரம் எழுதினார்.  பிறகு வாசித்தார். பிள்ளை றஞ்சிதத்தின் பொறுப்பில். வாடிக்குத் தடையில்லை. இரு பாடசாலைகளும் பிள்ளையின் வரவை எழுத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும். நன்னடத்தை அலுவலர் மாதம் ஒரு தடவை, பிள்ளை எந்தக் கரையில் இருந்தாலும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"போவேன்" என்றார் கமலநேசன், யாரும் கேட்காமலே.

ஸ்ரெலா நடந்து வரவில்லை. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். றஞ்சிதம் நிலத்தில் மண்டியிட்டு அவளை வாரியெடுத்த அந்தக் காட்சியைக் கண்டு, வாசலில் நின்ற பொலிஸ்காரரே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

*

முற்றத்து வேம்பின் கீழே படுத்திருந்த கழுதைகளைச் சுற்றிக்கொண்டு பெற்றிசியா அவர்களிடம் போனாள். மேலங்கி கையில் கிடந்தது.

றஞ்சிதம் நிமிர்ந்தாள். "நல்லாக் கதைச்சியள், மிஸ். ஆனா எட்டு நாள் என்ர பிள்ளையை என்னட்ட இருந்து பிரிச்சதும் நீங்கள்தான். உங்களுக்கு நான் நன்றி சொல்லமாட்டன்."

"சொல்ல வேண்டாம். நான் அதுக்கு வரேல்ல. மன்னிப்புக் கேக்க வந்தனான். உன்னட்டையும், பிள்ளையிட்டையும்."

 ஸ்ரெலா சின்னம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து பெரிய கண்களால் அவளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மேலதிகாரியின் குரல் மற்றவர்களுக்கும் கேட்குமளவுக்கு உயர்ந்திருந்தது.

"கூட்டில ஏறினியளாம்! உங்களுக்கென்ன பைத்தியமே? இண்டையிலிருந்து பிள்ளையளின்ர வழக்கு ஒண்டும் உங்களிட்ட வராது. விளக்கம் எழுதித் தரவேணும்."

"கடிதத்தை அனுப்புங்கோ, சேர். ஒரு வரி விடாமல் எழுதித் தாறன். விடுகைப் பத்திரம் இல்லாத எல்லாப் பிள்ளையளைப் பற்றியும் எழுதித் தாறன். கல்விக் கந்தோர் ஜுனைதீன் மாஸ்டரைக் கூப்பிட்டால், அங்கயும் வந்து நிப்பன். அரச சட்டத்தரணியா வரவோ, வெறும் சட்டத்தரணியா வரவோ எண்டதை நீங்கள் முடிவு பண்ணுங்கோ."

அவளே தொலைபேசியை நிறுத்தினாள். றஞ்சிதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"வேலை போயிட்டுதோ, மிஸ்?"

"இன்னும் இல்லை. போகலாம்."

றஞ்சிதம் ஸ்ரெலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துப் பக்கம் இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பினாள்.

"போனால் வாடிக்கு வாங்கோ. நெத்தலி பொறுக்க ஆள் காணாது."

"நெத்தலி மட்டுமில்லை, எனக்குக் கட்டா மீன் வெட்டவும் தெரியும்" என்றாள் பெற்றிசியா, அந்தப் பக்கத்தால் போன சட்டத்தரணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி.